மாட்டு மருந்தும் மாயாற்றுப் பாறுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாறுக் கழுகுகளின் கணக்கெடுப்பு நடக்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. எண்ணிக்கை கூடினால் வனத்துறைக்குப் பாராட்டு, குறைந்தால் நாலு நாள் கவலை. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது 246 என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 320. வெவ்வேறு பருவத்தில் எடுத்த கணக்கு என்பதால் இதை வளர்ச்சி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இருந்தாலும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் செய்திகள் எதிலும் என் கடை மாதிரி ஒரு கடையைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

நான் சத்தியமங்கலம் வட்டாரத்தில் கால்நடை மருந்துக்கடை நடத்துகிறேன். பார்மசி படித்தவள். என் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் காட்டோரத்து ஆட்கள். வனக்கிராமத்தில் எருமை வைத்திருப்பவர், மலையில் பட்டி போட்டு மாடு மேய்ப்பவர், பவானிசாகர் பக்கம் ஆடு ஓட்டுபவர், நாலு கறவை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் பெண்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பறக்கிற பாறுகள் பிழைக்குமா சாகுமா என்பதில் வனத்துறை அலுவலகத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதற்குக் குறையாத பங்கு எங்களைப் போன்றவர்களின் மேசைக்கும் உண்டு.

பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. நம் பக்கம் நான்கு வகை இருக்கின்றன: வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு. முதல் மூன்றும் உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பவை. நான்காவதும் ஆபத்தில்தான் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் பூசாரி வைத்த உணவைத் தினமும் வந்து தின்றவை இந்த மஞ்சள்முகப் பாறுகள்தான். இப்போது கோயிலும் மலையும் இருக்கின்றன, கழுகு வருவதில்லை. வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் நாட்டில் எங்கு பார்த்தாலும் இருந்த பறவை. 1992 முதல் 2007 வரையிலான 15 ஆண்டுகளில் ஆயிரத்துக்கு 999 போய்விட்டது. துப்பாக்கியும் வலையும் இதைச் செய்யவில்லை. மாட்டுக்குப் போடும் வலி ஊசி செய்தது.

அந்த மருந்தின் பெயர் டைக்ளோஃபெனாக். பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பாறுகளை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2004இல் இதை உறுதியாகச் சொன்னார்கள். மருந்து உடம்பில் இருக்கும் மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறி, ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. கழுத்து தொங்கிப்போய்க் கிளையிலேயே உட்கார்ந்திருக்கும், அப்புறம் விழுந்துவிடும்.

இதில் பலருக்கும் புரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊசி போட்டுப் பிழைத்துக்கொண்ட மாட்டால் பாறுக்கு ஒரு கெடுதலும் இல்லை. சில நாட்களில் மருந்து மாட்டின் உடம்பைவிட்டுப் போய்விடும். ஊசி போட்ட ஓரிரு நாளில் சாகிற மாடுதான் வினை. சாகக் கிடக்கிற மாட்டுக்குத்தானே கடைசி முயற்சியாக எல்லோரும் வலி ஊசி போடுகிறார்கள்? அதனால் மருந்தேறிய மாடுகளே பிணமாக வெளியே போய் விழுகின்றன. மருந்து அதிகம் தங்குவது ஈரலிலும் சிறுநீரகத்திலும். பாறு ஆசையாகத் தின்பதும் அந்த மெத்தென்ற உறுப்புகளைத்தான். ஒரு வட்டாரத்தில் கிடக்கும் செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே அந்த வட்டாரத்துப் பாறுக் கூட்டம் சரிவதற்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பிணத்தில் கூட்டமாக உட்கார்ந்து தின்கிற பறவை அது. இட்டு நிரப்பவும் முடியாது. ஆண்டுக்கு ஒரு முட்டை, அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து வருஷம் போல ஆகும்.

சட்டம் என்னவோ வந்துகொண்டேதான் இருக்கிறது. 2006இல் கால்நடை டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். உடனே மனிதருக்கான 30 மி.லி. குப்பி மாட்டுக்குப் போனது. 2015இல் அதையும் நிறுத்தி, மனிதருக்கு 3 மி.லி. ஆம்பூல், அதாவது உடைத்துப் போடும் சின்னக் கண்ணாடிக் குப்பி மட்டும்தான் என்றார்கள். 2023 ஜூலையில் கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் கால்நடைக்குத் தடையாயின. 2024 டிசம்பர் கடைசியில் நிமெசுலைடும். அசிக்ளோஃபெனாக் நாம் இடுப்புவலிக்கு விழுங்குகிற அதே மாத்திரைதான். மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்ப்பலகை மட்டும்தான் வேறு. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் தடை வருவதற்குப் பல வருஷம் ஆனது. அதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, தடை வந்தபின் மேசையில் என்ன நடக்கிறது? போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். "அக்கா, வோவரான் ஊசி பத்து குடுங்க" என்றார். வோவரான் என்பது மனிதருக்கான டைக்ளோஃபெனாக்கின் விற்பனைப் பெயர். என் கடையில் அது இல்லை, இருக்கவும் கூடாது. யாருக்கு என்று கேட்டேன். "எங்கய்யனுக்குங்க, மூட்டுவலி" என்றார். மனிதருக்கு ஒரு வேளைக்கு ஒரு ஆம்பூல் போதும். பத்து ஆம்பூலைச் சேர்த்துக் கேட்டால் அந்த அய்யனுக்கு நாலு கால் இருக்க வேண்டும்! கொஞ்ச நேரம் பேசிய பிறகு, "மாடு மூணு நாளா எந்திரிக்கலைங்க, ஊசி போடறவரு இதத்தான் வாங்கியாரச் சொன்னாரு" என்று உண்மை வந்தது. பாறுக்குத் தீங்கு செய்யாத வலி மருந்தான மெலாக்சிகாம் கொடுத்தேன். பாதி நம்பிக்கையோடுதான் வாங்கிப் போனார். நான் கொடுக்கவில்லை என்றால் நாலு கடை தள்ளி மனித மருந்துக்கடையில் கேட்பார். அங்கே இருக்கும் பையனுக்குப் பாறு என்ற பேச்சே தெரியாது. மருந்துச்சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்தால் அவனைக் குறை சொல்லி என்ன பயன்? ஆய்வுக்கு வருகிறவர்கள் கால்நடை மருந்துக்கடைகளை அலசுகிறார்கள். மனித மருந்துக்கடையில் ஆம்பூல் எந்தக் கணக்கில் போகிறது என்று பார்ப்பது அரிது. 3 மி.லி. என்று சிறிதாக்கியதே மாட்டுக்குப் போடுவது தொல்லையாக இருக்கட்டும் என்றுதான். ஊசி மருந்து மலிவாகவும் கேள்வி கேட்காமலும் கிடைத்தால் ஐந்தாறு ஆம்பூலை உடைப்பது யாருக்கும் தொல்லை இல்லை.

பாறுக்குத் தீங்கில்லை என்று சோதித்துச் சொல்லப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. மெலாக்சிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம். விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் மாட்டுக்காரர்கள் சொல்வது வேறு: மற்ற ஊசி போட்டால் மாடு சட்டென்று எழுந்து நிற்கிறது, இது மெதுவாகக் கேட்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்று நாள் காய்ச்சலில் விழுந்த மாட்டின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு 'சட்டென்று' என்பதுதான் எல்லாமே. பல சமயம் குறை மருந்தில் இருக்காது, அளவில் இருக்கும். ஒரு மி.லி.யில் 5 மில்லிகிராம் இருக்கிற மெலாக்சிகாமை 300 கிலோ மாட்டுக்கு 10 மி.லி. போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள். 30 மி.லி. போட வேண்டும். இதை யார் சொல்லிக் கொடுப்பது? ஊருக்குள் என்றால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். பட்டி இருக்கும் இடத்தில் போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இருக்காது. அங்கே டாக்டர், கம்பவுண்டர் எல்லாம் பை மாட்டிக்கொண்டு வரும் ஊசிக்காரர்தான். அவரைத் துரத்துவதைவிட, அவர் பையில் சரியான குப்பி இருக்கும்படி செய்வது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. காட்டோரத்து அரசு மருந்தகங்களில் மெலாக்சிகாம் எப்போதும் இருப்பில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மடிநோய்க்கு நம் கால்நடைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் கற்றாழை வைத்தியம் இருக்கிறது. கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்து மடியில் பூச வேண்டும். ஆரம்பத்திலேயே செய்தால் பல மாடுகளுக்கு ஊசி வரைக்கும் போக வேண்டியிருக்காது. நான் மருந்து விற்கிறவள்தான், ஆனாலும் வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இவ்வளவையும் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் மட்டும் செய்தால் போதும் என்று நினைப்பவர்கள் பாறு எப்படிப் பறக்கிறது என்பதைப் பார்த்ததில்லை. இரை தேடி ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் போய்வரக்கூடிய பறவை. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளை நாம் ஏறி முடிப்பதற்குள் அது மாநில எல்லையைத் தாண்டிவிடும். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 1,408 சதுர கிலோமீட்டர். கேட்கப் பெரிதுதான். பாறுக்கு அது வாசல் மட்டும். கூடு கட்டுவது மாயாற்றின் கரையில், இரை பார்ப்பது கோபி, நம்பியூர், புளியம்பட்டி, அந்தப் பக்கம் சாமராஜநகர் வரைக்கும். நல்லவேளையாக முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலியும் செந்நாயும் அடித்துப்போட்ட மானும் காட்டெருமையும் நிறையக் கிடைக்கின்றன. அந்த இறைச்சியில் எந்த ஊசியும் இல்லை. மற்ற இடங்களில் பாறு மறைந்தபின்னும் இங்கே மிச்சமிருப்பதற்கு அது முக்கியமான காரணம். ஆனால் ஒரு வறட்சி வருஷத்தில் காட்டோரத்தில் மாடுகள் அதிகமாக விழும்போது, அதுவரை காட்டு இரையில் பிழைத்த கூட்டத்துக்கும் ஒரு பிணம் போதும்.

ஆகவே விழிப்புணர்வு வேலையைச் சுற்றுலா விடுதிப் பக்கத்தில் பலகை நட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. புஞ்சைப்புளியம்பட்டி மாட்டுச் சந்தைக்குப் போங்கள். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போங்கள். மாடு வாங்குபவர், விற்பவர், தரகர், ஊசிக்காரர் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். சுற்றுலா வருகிறவர் யாரும் மாட்டுக்கு ஊசி போடுவதில்லை.

இன்னொரு விஷயத்தை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வனவிலங்கு என்றாலே மாட்டை வெளியேற்று என்பதுதான் தீர்வாக வருகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சல் கூடாது என்றது. பிறகு அதே மாதம் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்றது. 2024 ஜனவரியில் அந்தியூர் பக்கம் 80,567 ஹெக்டேரில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அந்த மலையில்தான் பர்கூர் மாடு இருக்கிறது. சிவப்பில் வெள்ளைத் திட்டுகள் தெறித்த செம்மறை மாடு. கொஞ்சம் முரடு, அடைத்து வைத்துத் தீவனம் போட்டு வளர்க்கிற மாடு கிடையாது. காட்டில் மேய்ந்தால்தான் அது பர்கூர் மாடு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த உரிமை இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பட்டியைக் காலி செய்யச் சொன்னால் அவர் காட்டுக்குப் பகையாளி ஆகிவிடுகிறார்.

எல்லா இடத்திலும் எத்தனை மாடு வேண்டுமானாலும் மேயட்டும் என்று நான் சொல்லவில்லை. சாணி விற்பதற்காகவே நூற்றுக்கணக்கில் மாடு வைத்துக் காட்டில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் புல் மட்டும் போவதில்லை, கோமாரி மாதிரி நோய் காட்டெருமைக்கும் போகும். எந்தச் சரகத்தில் எத்தனை மாடு, எந்த மாதத்தில், எந்த ஓடைக்கு இந்தப் பக்கம் என்று பட்டிக்காரர்களோடு உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும். அப்படிப் பேச்சுக்கு வருகிற பட்டிக்காரரிடம் தடுப்பூசி அட்டையும் கேட்கலாம், மெலாக்சிகாமும் கொடுத்தனுப்பலாம். வெளியே துரத்தப்பட்டவரிடம் எதையும் கேட்க முடியாது.

துரத்தினால் வேறு என்ன நடக்கும் என்பதும் தெரியும். 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சி அருகே விஷம் வைத்த மாட்டின் உடலைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. மாட்டைப் பறிகொடுத்தவரே வைத்த விஷம் அது. செய்தது குற்றம், கைதானதும் சரி. ஆனால் மாடு செத்தால் ஒருவர் என்ன பாடு படுகிறார் என்பதையும் பாருங்கள். வனத்துறையில் மனு, கால்நடை மருத்துவரின் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, புகைப்படம், வங்கிப் புத்தகம் என்று அலைய வேண்டும். என் கடைக்கு வரும் ஒரு பாட்டி, சிறுத்தை அடித்த கிடாரிக்கு நிவாரணம் வருவதற்குள் அடுத்த கன்று வளர்ந்து சினைக்கு வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விஷம் வைத்த மாட்டில் முதலில் புலி வாய் வைக்குமா பாறு இறங்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. பாறு இறங்கினால் ஒன்றிரண்டோடு முடியாது, கூட்டமே போகும். நிவாரணத்தில் ஒரு பகுதியாவது அந்த வாரத்திலேயே கையில் கிடைத்தால் விஷக்குப்பி பக்கம் கை போகாது. பாறுப் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு இதுவாக இருக்க வேண்டும் என்பேன்.

செடிகொடியைப் பற்றியும் கொஞ்சம். உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அந்நியப் புதர் புகுந்த காட்டில் புல் கிடையாது. மான், மாடு இரண்டுக்கும் பட்டினிதான், பட்டிக்காரர் இன்னும் உள்ளே போகிறார். பாறுக்கும் அது இடைஞ்சல். அவ்வளவு கனமான பறவைக்கு இறங்கவும், நாலு எட்டு ஓடி எழும்பவும் வெட்டவெளி வேண்டும். புதருக்குள் கிடக்கும் பிணம் அதன் கண்ணிலும் படாது. பவானிசாகர் பக்கம் சீமைக்கருவேலமும், முதுமலையில் மஞ்சள் பூப் பூக்கும் அந்நியக் கொன்னையும் இதே வேலையைச் செய்கின்றன. கொன்னையைக் காகித ஆலைக்கு வெட்டி அனுப்புகிறார்கள். உண்ணிச்செடிக் குச்சியில் பழங்குடியினர் நாற்காலியும் யானை பொம்மையும் செய்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வெட்டிய இடத்தில் அடுத்த மழைக்கு என்ன முளைக்கிறது என்று பார்க்க ஆள் வேண்டும். முளைத்ததைப் பிடுங்கிவிட்டு நாட்டுப் புல் விதையைத் தூவி, அது தலையெடுக்கும் வரை மாட்டை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள மேய்க்கிறவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? அதற்குக் கூலி கொடுங்கள். ஆற்றோரத்து நீர்மருதை அப்படியே விடுங்கள். வெண்முதுகுப் பாறு கூடு கட்டுவது பெரும்பாலும் அந்த மரங்களில்தான். பட்டைக்காக உரிப்பதும் அடியில் தீ மூட்டுவதும் நின்றாக வேண்டும்.

இப்போதெல்லாம் மாடு செத்தால் உடனே குழிதோண்டிப் புதைத்துவிடுகிறோம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்ததைக் கட்டாயம் புதைக்கத்தான் வேண்டும், அறுத்துப் பார்க்கவே கூடாது. ஆனால் வழுக்கி விழுந்தோ வயதாகியோ சாகிற, ஊசி போடாத மாட்டை மருத்துவர் பார்த்துச் சொன்னபின் காட்டோரத்தில் ஒதுக்குப்புறமாக விட்டுவைத்தால் பாறுக்கு அது விருந்து. 2024இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, பாறுகள் மறைந்ததால் தெருநாயும் அழுகிய பிணமும் பெருகி நோய் பரவியதில், 2000 முதல் 2005 வரை நாட்டில் கூடுதலாகச் சுமார் 5 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் வேளாண் பக்கத்தில், ஈரோடு, நீலகிரி, கோவை பதிப்புகளிலாவது, கால்நடைக்குப் போடக்கூடாத நான்கு மருந்துகளின் பெயர்களையும், போடக்கூடிய இரண்டின் பெயர்களையும், மாட்டின் எடைக்கு எத்தனை மி.லி. என்பதையும் மாதம் ஒருமுறை கட்டம் போட்டு வெளியிடுங்கள். அளவைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சரிபார்த்துப் போடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், டீக்கடையில் நின்றுகொண்டே படிப்பார்கள். அதை வெட்டி என் கடைச் சுவரில் ஒட்டுவேன். சந்தைக்கு வரும் ஊசிக்காரர்களுக்கும் நகல் எடுத்துக் கொடுக்கிறேன், அந்தச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
கால்நடை மருந்துக்கடை நடத்தும் ஒரு வாசகி,
சத்தியமங்கலம் வட்டம்.